பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மர்

முன்னுரை

வேந்தன் குடிகளிடத்து இறை பெறுதல் தொன்றுதொட்டு வந்த முறையாகும். அம்முறை பிறழுமிடத்து நாடு நிலைபெறாது என்பதை நம் சான்றோர் பண்டே உணர்ந்திருந்தனர். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு யானையும் நெல்வயலும் பற்றியதோர் உவமையைக் காட்டி, இறை கொள்ளும் நெறியை அறிவுறுத்தினார் பிசிராந்தையார். விவிலியத்திலும், குடிகளின் சுமையைக் குறைக்க மறுத்த ரெகொபெயாம், தன் பாட்டன் தாவீது கட்டிய பேரரசிற் பத்துக் கோத்திரங்களை இழந்த வரலாற்றைக் காண்கின்றோம்.

இவ்விரண்டும் இறையின் அளவு பற்றி எழுந்தவை. இறையின் அளவு சிறிதேயாயினும், அதனைக் கேட்பவர் யார், எவ்வுரிமையாற் கேட்கின்றார் என்னும் வினா எழுந்து பெரும்போராய் மூண்டதும் உலகில் உண்டு. அத்தகைய வரலாற்றுள் ஒன்றே பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டியக் கட்டபொம்மரின் வாழ்க்கை. அதனை இங்குச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

பாளையமும் பட்டமும்

மதுரை நாயக்க மன்னருள் முதல்வராகிய விசுவநாத நாயக்கர், தளவாய் அரியநாத முதலியாரின் துணைகொண்டு, தம் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தனர் என்பர். பாளையக்காரர் தத்தம் எல்லையுள் வரி தண்டி, வழக்குத் தீர்த்து, ஊர்க்காவல் புரிந்து, வேண்டுங்காற் படையுடன் மன்னர்க்குத் துணை செய்வர். அவர் செலுத்திய திறை, தம்மினும் பெரிய அரசுக்குக் காட்டிய மதிப்பின் அடையாளமாகவும் இருந்தது.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், ஒட்டப்பிடாரத்தை அடுத்த வறண்ட நிலப்பரப்பில் அமைந்தது பாஞ்சாலங்குறிச்சி. கல்லாலாய பெருங்கோட்டை ஆங்கு இருந்ததில்லை. அரண் மண்ணால் எழுந்தது. அப்பாளையத்தை ஆண்ட இராசகம்பளத்து நாயக்கர் மரபில், செகவீரக் கட்டபொம்மருக்கும் ஆறுமுகத்தம்மாளுக்கும் மகனாக 1760-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3-ஆம் நாள் நம் தலைவர் தோன்றினார். அதே திங்களில் வந்தவாசிப் போர்க்களத்தில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்றனர். தென்னாட்டின் தலைமை எவர்க்கு என்பதை அவ்வெற்றி பெரும்பாலும் முடிவு செய்தது. கட்டபொம்மர் பிறந்த வேளையிலேயே அவர்தம் பகையும் வலிமை பெற்றது எனலாம்.

சக்கம்மாளைக் குலதெய்வமாகவும் திருச்செந்தூர் முருகனை வழிபடு கடவுளாகவும் கொண்ட அவர், 1790-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் தம் முப்பதாம் அகவையிற் பட்டமெய்தினார். அறிவிற் சிறந்த சிவசுப்பிரமணிய பிள்ளை அவர்க்குத் தானாபதியாக வாய்த்தார். பேச்சு வளமின்மையால் ஊமைத்துரை என வழங்கப்பெற்ற தம்பி, உற்ற துணையாக நின்றார்.

கடன் வந்த வழி

நிற்க. கடல் கடந்து வாணிகம் செய்யவந்த கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சியில் வரி கேட்க நேர்ந்தது எவ்வாறு? இவ்வினாவின் விடையில் எம் தென்னார்க்காட்டு நிலத்துக்கும் பங்குண்டு.

எமது ஊராகிய சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றங்கரையில் உள்ளது. அவ்வாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஐதரலியின் படையும் அயர் கூட்டின் படையும் பொருதன. வடக்கே கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திற் செயிண்ட் டேவிட் கோட்டை உள்ளது. 1746-இற் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைக்கொண்டபொழுது கும்பினியார் அக்கோட்டையிலிருந்தே தம் ஆட்சியை நடத்தினர். இந்நிலத்தில் அந்நாளில் நிகழ்ந்த போர்கள் பலவற்றுக்கும் ஆன செலவு, ஆர்க்காட்டு நவாபாகிய முகம்மது அலியின் பெயரிற் கடனாக ஏறியது. கும்பினிக்குப் பட்ட கடன் போதாதென்று, பால் பென்பீல்டு போன்ற கும்பினி ஊழியரிடமும் அவர் வட்டிக்கு வாங்கினார். 1785-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க்கு இக்கடனின் வஞ்சனையை விரித்துரைத்தார் எனின், அதன் கொடுமையை என்னென்பது!

கடனை அடைக்க வழியற்ற நவாப் தம் வருவாயைக் கும்பினியார்க்கு ஒப்புவித்தார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பாளையக்காரரிடம் திறை தண்டும் உரிமையும் அவர் கைக்குச் சென்றது. நவாபின் ஆட்சியைத் தென்பாளையக்காரர் பலர் மனமார ஒப்பியதில்லை. ஆகவே, அவர் தமக்கே உறுதியாக இல்லாத ஓர் உரிமையைப் பிறர்க்கு அடைமானம் வைத்தார் என்க. வெள்ளாற்றங்கரையில் வெடித்த மருந்தின் விலையைத் தாமிரபரணி நாட்டார் செலுத்த நேர்ந்தது இவ்வாறே.

இவ்விடத்து அமெரிக்க நாட்டின் வரலாற்றையும் நினைத்தல் தகும். ஆங்குக் குடியேறினோர் தேயிலை வரியை எதிர்த்து, 1773-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவிற் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் எறிந்தனர். அத்தேயிலையும் இதே கும்பினியின் சரக்குத்தான். அவ்வாண்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் தேயிலையின் விலை குறைந்திருந்தது. வரியோ இறாத்தலுக்கு மூன்று பென்சுதான். விலை குறைந்தும் அவர் சீறியது ஏன்? தம் இசைவின்றித் தம்மீது வரி விதிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்று கருதியதனாலேயே. அச்சீற்றம் புரட்சியாய் வளர்ந்தது. 1781-இல் யார்க்டவுன் என்னுமிடத்தில் அப்புரட்சியாளரிடம் பணிந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் பிரபு, ஐந்தாண்டு கழித்து இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர் காலத்தில் எழுந்ததே. மேல்நாட்டில் வரியால் ஒரு நாட்டை இழந்தவர், கீழ்நாட்டில் அதே வினாவுக்கு வித்திட்டுச் சென்றார்.

இருபத்துமூன்று நாட்செலவு

1798-ஆம் ஆண்டிற் கலெக்டர் ஜாக்சனின் கணக்குப்படி கட்டபொம்மர் செலுத்தவேண்டிய நிலுவை 3310 வராகன். ஜாக்சன் இளமையும் செருக்கும் ஒருங்கே உடையவர். ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள், இரண்டு கிழமைக்குள் இராமநாதபுரத்தில் தம்மைக் காணுமாறு பாளையக்காரர்க்கு ஓலை விடுத்தார். ஆனால் அவர் ஓரிடத்தில் இருந்தாரல்லர். குற்றாலத்திற் காணச் சென்ற கட்டபொம்மர்க்கு ஆங்குக் காட்சி மறுக்கப்பட்டது; அதன்பின் ஊர் ஊராக அவர் பின்னே செல்ல நேர்ந்தது. இவ்வாறு இருபத்துமூன்று நாள், ஏறத்தாழ 400 மைல் அலைந்தபின், செப்டம்பர் 19-ஆம் நாள் இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தில் இருவரும் எதிர்ப்பட்டனர்.

அதற்குள் நிலுவையிற் பெரும்பகுதி செலுத்தப்பட்டு விட்டது. எஞ்சியது 1080 வராகன். ஆகவே, கட்டபொம்மர் தொடக்கத்திலேயே ஒரு காசும் தாரேன் என்று மறுத்தவரல்லர். 1959-இல் வெளிவந்த திரைப்படத்தில் நாம் கண்டு மகிழ்ந்த வீரச் சொற்போர், நாடகத்துக்கு ஏற்பப் புனையப்பட்டது. உண்மையில் நிகழ்ந்ததோ அதனினும் நெஞ்சை வருத்துவது. கட்டபொம்மரும் தானாபதியும் மூன்று மணி நேரம் கலெக்டரின்முன் நின்றவாறே விடையிறுக்க வேண்டியதாயிற்று. அமர இருக்கை தரப்படவில்லை. நிலுவை சிறிதாகியும் அவர்களைக் கோட்டைக்குள் தடுத்துவைக்க முயன்றனர்.

தம் மண்ணில், தம் மக்கள் காண, நாற்பதை அணுகும் ஒரு தலைவர் நின்றுகொண்டே கணக்கு ஒப்புவித்த அம்மூன்று மணி நேரமே இவ்வரலாற்றின் திருப்புமுனை என்பது எம் கருத்து. தொகை பற்றிய வழக்காயின் 1080 வராகனில் முடிந்திருக்கும். இவர் யார், நம்மை நிறுத்திவைத்துக் கேட்க, என்னும் வினா அன்று பிறந்தது. எம்பெருமான் இயேசுவிடம் இராயனுக்கு வரி கொடுத்தல் தகுமோ என்று வினவியபொழுது, அவர் தொகையைக் கேட்டாரல்லர். நாணயத்திற் பொறித்த உருவம் எவருடையது என்றே கேட்டார். வரி என்பது பொருளைப் பற்றியதன்று, தலைமையைப் பற்றியது என்பது அவ்வினாவால் விளங்கும்.

தடுக்க முயன்றோரை எதிர்த்துக் கட்டபொம்மர் வெளியேறினார். கோட்டை வாயிலில் நிகழ்ந்த கைகலப்பிற் கிளார்க் என்னும் துணைத்தளபதி உயிர்நீத்தார். தானாபதி பிடிபட்டார்.

நடுவர் கண்ட நீதி

பாஞ்சாலங்குறிச்சிக்கு மீண்ட கட்டபொம்மர் உடனே வாளெடுத்தாரல்லர். நிகழ்ந்தவற்றை விளக்கிச் சென்னை அரசுக்கு முறையிட்டார். அப்பொழுது கவர்னராக இருந்தவர் எட்வர்டு கிளைவு. பிளாசிப் போரால் அறியப்பட்ட இராபர்ட்டு கிளைவின் மகனார். அவ்வரசு ஜாக்சனைப் பதவியினின்று விலக்கி, வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் என்னும் மூவரைக் கொண்ட ஆய்வுக்குழுவை அமைத்தது. டிசம்பர் 15-ஆம் நாள் கட்டபொம்மர் அக்குழுவின்முன் தோன்றித் தம் வழக்கை உரைத்தார். அவர் குற்றமற்றவர் என்றும், தவறு ஜாக்சனுடையது என்றும் குழுவினர் கண்டனர். தானாபதி விடுதலை பெற்றார். லூஷிங்டன் புதிய கலெக்டராக வந்தார்.

கும்பினியார் செய்த இந்நீதியை மறைத்தல் வரலாறெழுதுவார்க்கு அழகன்று. அவருள்ளும் நடுவுநிலை அறிந்தோர் இருந்தனர். ஆயினும் அக்குழு தீர்த்தது ஒரு கலெக்டரின் நடத்தையை மட்டுமே. திறை கேட்கும் உரிமை அவர்க்கு உண்டா என்னும் வினாவை எவரும் எழுப்பவில்லை. எழுப்பியிருப்பின் அதற்கு விடை கூற அவர்களால் இயன்றிராது. தீராத அவ்வினா புண்ணுட் புதைந்த முள்ளாய்த் தங்கியது.

போரும் கயத்தாறும்

சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது உடன்பிறந்தாரும் நாகலாபுரம், குளத்தூர் முதலிய பாளையத்தாரும் அந்நாளிற் கும்பினியாரை எதிர்க்கும் கூட்டுறவை அமைத்துக்கொண்டிருந்தனர். கட்டபொம்மர் அவர்களுடன் இணைந்தார். கும்பினிக்கு உடன்பட்ட சிவகிரிப் பாளையத்தார்மீது அவர்தம் ஆட்கள் சென்றமை, கும்பினியார்க்கு விடுத்த அறைகூவலாயிற்று. எட்டையபுரத்தாரோ கும்பினியார் பக்கம் நின்றனர். தமிழகத்தின் தீராப் பிணியாகிய உட்பகை ஆங்கும் தன் வேலையைச் செய்தது.

1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூரிற் பணி முடிந்தமையின் கும்பினியின் படை தெற்கே திரும்ப வழியேற்பட்டது. மேஜர் பானர்மேன் அதற்குத் தலைமை பூண்டார். செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பாளையங்கோட்டைக்கு வந்து தம்மைக் காணுமாறு அவர் விடுத்த இறுதி ஓலைக்குக் கட்டபொம்மர் இணங்கவில்லை. மறுநாள் பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையிடப்பட்டது. அன்றைய தாக்குதலை அம்மண்கோட்டை தாங்கிநின்றது. எனினும் பெரும்பீரங்கிகள் வருமாயின் அது நில்லாது என்றறிந்த கட்டபொம்மர், இரவிற் கோட்டையை விட்டு நீங்கினார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு, செப்டம்பர் 13-ஆம் நாள் நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மர் புதுக்கோட்டைச் சீமையின் காட்டில் மறைந்திருந்த காலை, தொண்டைமானின் ஆட்களாற் பிடிக்கப்பட்டுக் கும்பினியாரிடம் ஒப்புவிக்கப்பட்டார்.

அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றிற் பாளையக்காரர் அனைவரையும் கூட்டி, அவர்முன் விசாரணை என்னும் பெயரில் ஒன்றை நடத்தித் தூக்குத் தண்டனை விதித்தார் பானர்மேன். பிற பாளையக்காரர் கண்டு அஞ்சவேண்டும் என்பதே அக்கூட்டத்தின் நோக்கம். கட்டபொம்மர் கலங்கினாரல்லர். சூழ நின்ற பாளையக்காரரை இகழ்ச்சி தோன்ற நோக்கியவாறே அவர் சென்றார் என்றும், கோட்டையை விட்டு நீங்காது அதனைக் காத்தே மாண்டிருக்கலாம் என்று வருந்தினார் என்றும், தம் ஊமைத் தம்பியின் நிலைக்கே இரங்கினார் என்றும் தூக்கிலிட்ட பானர்மேனே தம் மேலோர்க்கு எழுதிய மடலிற் குறித்தார். பகைவன் கையெழுத்தே புகழுக்குச் சான்றாகும் பேறு எத்துணைப் பேர்க்கு வாய்க்கும்! அம்மடலை 1881-இற் பதிப்பித்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலிற் சேர்த்து நமக்குக் காத்தளித்தவர் பேராயர் கால்டுவெல். அவர் கும்பினியார் சார்பினின்றே அவ்வரலாற்றை நோக்கினார்; எனினும் சான்றை மறைத்தாரல்லர். அந்நேர்மை போற்றத்தக்கது.

தீப்பொறி பெருந்தீயானது

கட்டபொம்மர் மறைந்ததும் பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. படைக்கலம் தாங்குதல் தடுக்கப்பட்டது. வரிப்பூசல் ஒழிந்தது என்று கும்பினியார் எண்ணினர். ஆனால் 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஊரார் ஒன்றுகூடிச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினர். மேஜர் மெக்காலேயின் படை அதனை அணுகித் தோற்றுப் பின்னிட்டது. மேலும் பெரும்படையுடன் கர்னல் அக்னியூ வந்து, மே 24-ஆம் நாளிலேதான் அதனைக் கைப்பற்றினார். ஊமைத்துரை சிவகங்கைக்குச் சென்று மருது சகோதரருடன் சேர்ந்தார்.

அப்போர் ஒரு பாளையத்தின் எல்லையைக் கடந்தது. திண்டுக்கல்லிற் கோபால நாயக்கர், மலையாளத்திற் கேரளவர்மர், மைசூரில் தூந்தாஜி வாகு எனப் பலரும் கும்பினியாரை எதிர்த்தெழுந்த காலம் அது. வரலாற்றறிஞர் இதனைத் தென்னிந்தியப் புரட்சி என்பர். 1801 ஜூன் 16-ஆம் நாள் சின்னமருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது பாளையக்காரர்க்கு மட்டும் எழுதப்பட்டதன்று. எல்லாச் சாதியாரையும் எல்லாச் சமயத்தாரையும், கும்பினிப் படையிற் பணிபுரிந்த நம் நாட்டாரையும் அழைத்து எழுதப்பட்டது.

முடிவில் வலிமை மிக்கோரே வென்றனர். அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருது உடன்பிறந்தாரும், நவம்பர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர். 1802 பிப்ரவரியில் எழுபத்துமூவர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர். ஆயினும் ஐந்தாண்டு செல்லுமுன், 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தனர்.

முடிவுரை

கட்டபொம்மர் குறையேதும் இலர் என்று யாம் கூறுகின்றோமில்லை. அவர் தம் குடிகளிடம் இசைவு கேட்டு வரி விதித்தவரல்லர். அண்டைப் பாளையங்களின் ஊர்களிற் புகுந்து பொருள் கொண்டார் என்னும் குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு. தமக்கெனக் கோரிய உரிமையை உழுதொழிலாளிக்கும் அவர் ஈந்தார் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் ஒரு வினாவுக்கு உயிர் பிறந்துவிட்டால், அது எழுப்பியவர் கையோடு நிற்பதில்லை. 1798-இல் ஒரு தலைவர் தமக்காகக் கேட்ட வினாவை 1801-இல் ஊரார் பலரும் தமக்காகவும் கேட்டனர். வரிப்பூசல் புரட்சியாவது அந்நொடியிலேதான்.

கும்பினியாரும் நாமும் ஒரே திருமறையை ஓதினோம் என்பதாற் கிறித்தவ மாணவராகிய யாம் இவ்வரலாற்றை அயலார் வரலாறாக எண்ணவேண்டுவதில்லை. நிறுத்திவைக்கப்பட்டவர் பக்கமே நீதி நிற்கும் என்பது அத்திருமறையிற் கற்ற பாடம்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ஆம் ஆண்டு தமிழக அரசு நினைவுக் கோட்டை அமைத்துள்ளது. கயத்தாற்றிலும் நினைவிடம் உண்டு. 1999-இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. இவற்றினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறொன்று உளது. சட்டத்தின் ஆணையின்றி எவ்வரியும் விதித்தலும் தண்டலும் ஆகா என்று நம் அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு விதிக்கின்றது. அச்சட்டத்தை இயற்றுவோர் நாம் தேர்ந்தெடுத்தவர். இராமலிங்க விலாசத்தில் மூன்று மணி நேரம் நின்றவர் கேட்டற்கரிய வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட விடை அது. அவ்விடையைக் கையிற் பெற்றுள்ள நாம், வரி செலுத்துங்கால் நேர்மையும், வரி விதிப்போரைத் தேருங்கால் விழிப்பும் உடையராய் வாழ்வோமாக.